பெயர் மறந்த அம்மாவுக்கு ஆத்திசூடி மறக்கவில்லை: ஒரு மகளின் கடிதத்துக்குப் பதில்

திருச்சியிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 74 வயது. 33 ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அல்சைமர் நோய் என்று மருத்துவர் சொன்னார். இப்போது மகளின் பெயர் பெரும்பாலான நாட்களில் வாயில் வருவதில்லை. "டீச்சர், நீங்க மாறுதல்ல புதுசா வந்தவங்களா?" என்று மகளையே கேட்கிறார். ஆனால் யாராவது "அறம் செய" என்று எடுத்துக் கொடுத்தால் போதும், "ஔவியம் பேசேல்" வரை நிற்காமல் சொல்லிவிடுகிறார். துபாயில் இருக்கும் அண்ணன் இதை வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "பாட்டெல்லாம் ஞாபகம் இருக்கு, பெத்த பொண்ணு பேரு மட்டும் மறக்குமா? பாதி பிடிவாதம்தான்" என்கிறார்.

பாட்டைப் பிடித்துக்கொண்டால் நினைவை மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில், மகள் காலையும் மாலையும் அம்மாவை ஒப்பிக்க வைக்கிறார், தவறினால் திருத்துகிறார். சில நாள் அம்மா நோட்டைப் பிடுங்கி எறிகிறார். டோனெப்பசில் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக உயர்த்தியதும் வாந்தியும் பசியின்மையும் வந்ததால், அதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. "இனி பாட்டே மருந்தாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்" என்கிறார். இரவில் தானும் கவிதை எழுதி முகநூலில் போடுகிறார். "கூடு இருக்கு திண்ணையில, குருவி எங்கே போச்சுதம்மா" என்று தொடங்கும் ஒப்பாரிக்கு நிறையப் பாராட்டு வந்தது. கூடவே அண்ணனின் கோபமும், "உசுரோட இருக்கிறவங்களுக்கு ஒப்பாரி வைக்கலாமா, அபசகுனம்" என்ற மாமியாரின் கண்டிப்பும் வந்தன. அம்மா இளம் வயதில் எழுதிய குழந்தைப் பாடல்கள் ஒரு பழைய நோட்டில் இருக்கின்றன. அதைப் புத்தகமாகப் போட்டு விற்கலாம், அம்மாவிடம் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கித் தா என்கிறார் ஓர் உறவினர்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் அண்ணனுக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சந்தேகம் உங்களுக்குள்ளும் கொஞ்சம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அம்மா நடிக்கவில்லை. பிடிவாதமும் இல்லை. பாட்டு வருவதும் பெயர் வராததும் ஒரே நோயின் இரண்டு பக்கங்கள்.

பாட்டு ஏன் தங்குகிறது

மூளையில் காதுக்கு நேர் உட்புறமாக ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. புதிய செய்திகளை நினைவில் பதிய வைப்பது அதன் வேலை. அல்சைமர் நோய் பெரும்பாலும் அதையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் முதலில் தாக்குகிறது. அதனால் காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகும். ஆனால் ஏழு வயதில் கற்று, பிறகு 33 ஆண்டுகள் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரிகள் அந்தச் சிறு பகுதியை நம்பி இருப்பதில்லை. நாக்குக்கும் மூச்சுக்கும் பழகிய செயலாக அவை மூளையின் வேறு இடங்களில் பரந்து கிடக்கின்றன. நீச்சலும் கோலமும் நெடுநாள் கூட வருவது இதே காரணத்தால்தான்.

நம் செய்யுளின் கட்டமைப்பும் இதற்கு உதவுகிறது. ஆத்திசூடி அகர வரிசையில் போகிறது. "அறம் செய விரும்பு" முடிந்ததும் "ஆ" என்ற எழுத்தே அடுத்த வரியை இழுத்து வருகிறது. "பாலும் தெளிதேனும்" என்று தொடங்கினால், இரண்டாம் அடியில் "நாலும்" என்ற எதுகை தானாக வந்து நிற்கும். உலகநீதியில் பெரும்பாலான அடிகள் "வேண்டாம்" என்று முடிகின்றன. அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல்லாகிறது. மனப்பாடத்தை நம்பி வாழ்ந்த காலத்தில் உருவான இந்த வடிவங்கள், அடுத்தது என்ன என்பதைத் தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போகின்றன. ஒருவருடைய பெயருக்கு அப்படி எந்தத் துணையும் கிடையாது. முகத்தைப் பார்த்தால் பெயர் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் நலமாக இருப்பவர்களுக்கும் முதலில் நழுவுவது பெயர்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவின் மனம் பல நாள் 1980-களில் இருக்கக்கூடும். அங்கே அவருடைய மகள் பாவாடை சட்டை போட்ட சிறுமி. எதிரே நிற்கும் 47 வயதுப் பெண்ணை மகள் என்று பொருத்த முடியாமல், பொறுப்பாக நடந்துகொள்ளும் நல்ல பெண் என்ற அளவில் புரிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த மிக மரியாதையான இடத்தைத் தருகிறார்: சக டீச்சர். இதில் வருத்தப்பட இடமிருக்கிறது, ஆனால் அவமதிப்பு எதுவும் இல்லை.

இதோடு ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். சரளமாகச் சொல்வதால் பொருள் புரிந்து சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நோய் முற்றும்போது பாட்டும் குறையும். முதலில் நடு அடிகள் போகும், பிறகு முதல் சொல்லும் ராகமும் மட்டும் நிற்கும். அப்போது "நான் விட்டுவிட்டேனோ" என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை இப்போதே எழுதுகிறேன்.

ஒப்பிக்க வைப்பதை இன்றே நிறுத்துங்கள்

தினமும் ஒப்பித்தால் இழந்த நினைவு திரும்பும் என்பது உண்மையல்ல. லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு ஓரளவு பலன் தருவதாக ஆய்வுகள் காட்டும் ஒரு குழுப் பயிற்சி உண்டு. பிரிட்டனில் உருவானது அது. வாரம் இருமுறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வு. சென்னையிலும் அதைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி நடத்தியிருக்கிறார்கள். அதில்கூட மனப்பாடத் தேர்வு கிடையாது. பேச்சு, பாட்டு, விளையாட்டு, "உங்களுக்கு என்ன தோணுது?" என்ற கேள்விகள்தான். சரியா தவறா என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

அம்மா நோட்டை எறிவது ஏன் என்று அவர் இடத்திலிருந்து பாருங்கள். வாழ்நாள் முழுவதும் கேள்வி கேட்டவர் அவர். இப்போது புதிதாக வந்த ஒரு "டீச்சர்" அவரைப் பிள்ளைகளைப் போல் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார், தப்பு என்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளிடம் நடத்தி 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பார்த்த காட்சி மறந்த பிறகும் அது தந்த மகிழ்ச்சியோ துயரமோ மனதில் தங்குகிறது என்று காட்டியது. நீங்கள் காலையில் திருத்தியது மதியம் அவருக்கு நினைவிருக்காது. நெஞ்சில் ஏறிய எரிச்சல் மட்டும் காரணம் தெரியாமல் நிற்கும். மாலையில் அவர் படும் அலைக்கழிப்பில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

ஆகவே பாத்திரத்தை மாற்றுங்கள். அவர் ஆசிரியை, நீங்கள் மாணவி. அவர் "அறம் செய" என்று சொல்ல, நீங்கள் "விரும்பு" என்று முடியுங்கள். வகுப்பில் அவர் செய்துவந்ததும் அதுதானே. அமெரிக்காவில் கேரி கிளாஸ்னர் என்ற கவிஞர் 2000-களின் தொடக்கத்தில் மறதி நோயாளிகளுக்காகத் தொடங்கிய கவிதைத் திட்டமும் இப்படித்தான் நடக்கிறது: ஒருவர் ஓர் அடி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வது, கையில் ஒரு பொருளைக் கொடுத்துப் பேசுவது, அவர்கள் சொன்ன சொற்களையே சேர்த்து அங்கேயே ஒரு கவிதை ஆக்குவது. நம் ஊர்த் தொடக்கப்பள்ளி வகுப்பறைக்கு முதல் பாதி புதிதே இல்லை.

வீட்டில் செய்யும் முறை இது.

நேரம்: குளித்து, காலை உணவு முடிந்து, பத்தரை மணியளவில் 15 முதல் 20 நிமிடம். மாலை நான்கு மணிக்குமேல் வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் படபடப்பும் கூடும்.

இடம்: டிவி, மிக்ஸி, சத்தம் போடும் மின்விசிறி எல்லாம் நிற்கட்டும். அவர் கண் மட்டத்துக்கு எதிரே உட்காருங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். பின்னாலிருந்து பேசினால் திடுக்கிடுவார். கண்ணாடி துடைத்திருக்கிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும். காது சரியாகக் கேட்காததை மறதி முற்றியதாக எண்ணிக் கவலைப்படும் குடும்பங்கள் ஏராளம்.

அளவு: ஆத்திசூடியின் 109 அடியும் வேண்டியதில்லை. உயிரெழுத்து வரிசை மட்டும் போதும். அதோடு உலகநீதியில் நான்கு அடி, கடைசியாக எப்போதும் ஒரே வெண்பா. தினமும் அதே பாட்டில் முடித்தால் முடிந்தது என்று உடம்புக்கே தெரியும்; திடீரென எழுந்துபோகும்போது வரும் பதற்றம் இருக்காது.

காத்திருப்பது: பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறது. ஓர் அடியைச் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவருக்குச் சொல் மேலே வர அவ்வளவு நேரம் ஆகும். மூன்றாவது விநாடியில் நீங்கள் எடுத்துக் கொடுத்தால், வந்துகொண்டிருந்த சொல் அங்கேயே நின்றுவிடும். பத்து எண்ணியும் வரவில்லையா, கேள்வித் தொனி இல்லாமல் நீங்களே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வரிசை மாறினாலும், வேறு பாட்டின் அடி வந்து ஒட்டினாலும், அவர் போகும் வழியில் நீங்களும் போங்கள். தொடையிலோ மேசையிலோ மெல்லத் தாளம் தட்டினால் பேச்சு தடுமாறுபவர்களுக்கும் சொல் வரலாம். அவர் கற்ற ராகத்தில்தான் சொல்ல வேண்டும். யூடியூபில் வாத்தியத்தோடு வரும் புது மெட்டுகள் அவருக்கு வேறு பாட்டு.

எழுத்து: அவருக்கு வாசிக்கப் பிடித்தால், ஒரு தாளுக்கு இரண்டே அடி, கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிய எழுத்து, வெள்ளைத் தாளில் கறுப்பு. லேமினேஷன் செய்ய வேண்டாம், பளபளப்பு கண்ணைக் கூசும்.

நிறுத்தும் குறி: முந்தானையை முறுக்குவது, முகத்தைத் திருப்புவது, குரல் உயர்வது, எழ முயல்வது. இதில் ஒன்று தெரிந்தாலும் கடைசி வெண்பாவைச் சொல்லி முடித்துவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: வாயில் உணவு இருக்கும்போது பாட்டு கூடவே கூடாது. இந்த நோயில் விழுங்குவதில் தடுமாற்றம் வரும்; பாடிக்கொண்டே சாப்பிட்டால் புரையேறி உணவு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

சில அடிகள் எதிர்பாராத இடத்தைத் தொடும். உலகநீதியில் "மாதாவை ஒருநாளும் மறக்க வேண்டாம்" என்று வந்ததும், அவர் தன் அம்மாவை நினைத்து, "எங்கம்மா எங்கே?" என்று கேட்கலாம். "அவங்க செத்து முப்பது வருஷமாச்சே" என்று சொல்லாதீர்கள். அந்தச் செய்தியை அவர் முதல்முறையாகக் கேட்பதுபோல் கேட்டு உடைந்துபோவார், நாளைக்கு மறந்து மறுபடி கேட்பார். "உங்கம்மா கைக்குழம்பு எப்படி இருக்கும்?" என்று அவர் நினைக்கும் ஆளைப் பற்றியே கேளுங்கள். அழுதால் அழட்டும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் அதே இடத்தில் அழுதால் அந்த அடியை விட்டுவிடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் பாட்டுக்குப் பதிலாக ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். சாக்பீஸ், சிலேட்டு, வேப்பங்கொழுந்து, தாழம்பூ, புது நோட்டுப் புத்தகம் இப்படி ஏதாவது. "ஞாபகம் இருக்கா?" என்ற சொல்லே வரக் கூடாது. "எப்படி இருக்கு? என்ன வாசனை?" என்று மட்டும் கேட்டு, அவர் சொல்வதை ஒரு எழுத்தும் மாற்றாமல், திருத்தாமல் எழுதிக்கொண்டே வாருங்கள். சாக்பீஸைக் கொடுத்தால் கிடைப்பது இப்படி ஏதாவது இருக்கும்:

கையில ஒட்டுது
மாவு மாதிரி
பிள்ளைங்க வந்தாச்சா
இன்னும் மணி அடிக்கலையே

இதை அவர் சொன்ன தொனியிலேயே திருப்பி வாசித்துக் காட்டுங்கள். தன் சொல்லைத் தானே கேட்கும்போது முகத்தில் வரும் மாற்றத்தைக் கவனியுங்கள். மொழி குலைந்துகொண்டிருக்கும் ஒருவர், தான் சொன்னதை ஒருவர் மதித்து எழுதினார் என்பதை அப்போது உணர்கிறார். தேதி போட்டு ஒரு நோட்டில் சேர்த்து வாருங்கள். குரலையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள், பேச்சு நன்றாக இருக்கும் இந்த மாதங்களிலேயே.

பாட்டை வேலைக்கும் பயன்படுத்தலாம். குளிக்க மறுப்பவரிடம் வாதம் செய்வதைவிட, துண்டை எடுக்கும்போது ஒரு பாட்டைத் தொடங்கி முதுகில் தண்ணீர் ஊற்றும்வரை அதே பாட்டைத் தொடர்வது எளிது. ஒரு வேலைக்கு ஒரே பாட்டு என்று வைத்துக்கொண்டால் சில வாரத்தில் அதுவே அறிவிப்பாகிவிடும்.

திடீரென்று எல்லாம் நின்றால்

அல்சைமர் மாதக் கணக்கில் மெல்ல நகரும் நோய். நேற்றுவரை பாட்டைச் சொன்னவர் இன்று ஒரு சொல்லும் சொல்லாமல் தூங்கி வழிகிறார், அல்லது ஓரிரு நாளில் ஆளே மாறி இல்லாததெல்லாம் தெரிகிறது என்கிறார் என்றால், நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர்ச்சத்தோ சோடியமோ குறைவது, நிமோனியா, புதிதாகச் சேர்த்த சளி அல்லது தூக்க மாத்திரை, கீழே விழுந்து தலைக்குள் கசிந்த ரத்தம் என்று பலவும் காரணமாக இருக்கலாம். பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்லுங்கள். நீங்கள் தினமும் பாட்டுச் சொல்லி வருவதில் ஒரு மருத்துவப் பயன் உண்டு: இப்படி ஒரு மாற்றம் வந்தால் முதலில் கவனிக்கப்போவது நீங்கள்தான்.

மாத்திரையைப் பற்றி

பாட்டு மாத்திரையின் இடத்தை எடுத்துக்கொள்ளாது. டோனெப்பசில் நோயைக் குணப்படுத்துவதில்லை, நிறுத்துவதுமில்லை. மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொண்டு, பலருக்குச் சில காலம் கவனத்தையும் அன்றாட வேலைகளையும் ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, எடை குறைவு, அதிகக் கனவு ஆகியவை அதன் தெரிந்த பக்க விளைவுகள். அளவை உயர்த்தும்போது இவை கூடும். மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தியதுதான் சிக்கல். நிறுத்திய சில வாரங்களில் சிலருக்குச் சட்டென்று ஒரு சரிவு வரும்.

இப்போது பயந்துபோய் 10 மில்லிகிராமை மறுபடி தொடங்கிவிடாதீர்கள். ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு மறுபடி தொடங்குவதென்றால் 5 மில்லிகிராமிலிருந்துதான், அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு. உணவுக்குப் பின் கொடுப்பது, 5-லேயே நிறுத்திக்கொள்வது, தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் பட்டைக்கு மாறுவது, மெமன்டைன் என்ற வேறு வகை மருந்து என்று வழிகள் உண்டு. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் மாத்திரை இல்லாமல் இருப்பதும் ஒரு நியாயமான முடிவு, ஆனால் அதைச் சேர்ந்து எடுக்க வேண்டும். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், இந்த மூன்று மாத எடைக் குறிப்பையும் கொண்டுபோங்கள். தலைசுற்றலோ மயக்கமோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மருந்து நாடித் துடிப்பைக் குறைக்கும் என்பதால் ஈசிஜி எடுக்க வேண்டியிருக்கும். பி12, தைராய்டு பரிசோதனை செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் கேளுங்கள்.

உங்கள் கவிதை

எழுதுங்கள். மாமியாரின் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஒப்பாரி எழுதியதால் அம்மாவுக்கு எந்தக் கெடுதலும் வராது. ஆள் உயிரோடு இருக்க, அவரோடு இருந்த உறவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பது ஒரு தனி வகைத் துக்கம். இறப்பு வீட்டுக்குச் சடங்கு இருக்கிறது, வந்து கட்டிப்பிடித்து அழ ஆட்கள் இருக்கிறார்கள்; இந்தத் துக்கத்துக்கு இரண்டும் இல்லை. நம் பெண்கள் துக்கத்தை வாய்விட்டுச் சொல்ல வைத்திருந்த வடிவத்தை உங்கள் கை தானாகத் தேடிப் போயிருக்கிறது. அதில் தவறு காண எனக்கு எதுவும் இல்லை.

ஆனால் "குருவி எங்கே போச்சுதம்மா" என்ற அடியில் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: அம்மா போய்விட்டார், இருப்பது கூடுதான் என்று. இதை நம்பத் தொடங்கினால் கவனிப்பே மாறிவிடும். அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் படர்க்கையில் பேசத் தோன்றும், சட்டையை மாற்றும்போது சொல்லாமல் கையை இழுக்கத் தோன்றும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: நோட்டைப் பிடுங்கி எறிகிறார், மாறுதலில் வந்தவளா என்று அக்கறையாகக் கேட்கிறார். தன்மானமும் பரிவும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஒப்பாரிக்கு அடுத்த பக்கத்தில் அவர் இன்றைக்குச் சொன்ன ஒரு வாக்கியத்தையும் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

மனச்சுமையை எழுதி இறக்குவது பற்றி 1986 முதல் ஆய்வுகள் நடந்து வருகின்றன. தொடக்க ஆய்வில் நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் பயன் உண்டு, ஆனால் சிறியது, எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எழுதிய உடனே மனம் கனப்பது இயல்பு. எழுதி முடித்து ஒரு மணி நேரம் கழித்தும் அதே வரி சுற்றிச் சுற்றி வந்து தூக்கத்தைக் கெடுத்தால், இரவில் எழுதுவதை விட்டுப் பகலுக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, "ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தா நல்லது" என்பதுபோன்ற எண்ணம் இருந்தால் கவிதை போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதியோருக்கான உதவிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்க 14567.

முகநூல் விஷயத்தில் அண்ணன் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. உங்கள் துயரம் உங்களுடையது, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அம்மாவின் உடல், அவருடைய அவதி, அவர் சேலையை நனைத்த நாள், இவை அவருடையவை. சம்மதம் கேட்டால் புரிந்து பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை. எனவே, பணியில் இருந்த காலத்து அம்மா ஆசிரியர் அறையில் சக ஆசிரியைகள் முன்னால் இதை வாசிக்கச் சம்மதித்திருப்பாரா என்று ஒவ்வொரு கவிதைக்கும் கேட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் நோட்டிலேயே இருக்கட்டும். முகம், முழுப்பெயர், ஊர், பள்ளியின் பெயர் எதுவும் வேண்டாம். இதில் வெறும் மானப் பிரச்சினை மட்டும் இல்லை. மறதி உள்ள ஓர் ஓய்வூதியர் இந்த வீட்டில் இருக்கிறார், பகலில் தனியாக இருக்கிறார் என்று ஊருக்கு அறிவிப்பது, ஓடிபி கேட்டு அழைக்கும் மோசடிக்காரர்களுக்கு வழி காட்டுவதாகும். ஏற்கெனவே போட்டவற்றில் படங்களை நீக்கி, பார்வையை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

நோட்டும் கையெழுத்தும்

அம்மாவின் பாடல்களுக்குப் பதிப்புரிமை அம்மாவுக்கே. அதை வெளியிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட, எதற்குக் கையெழுத்திடுகிறோம், அதனால் தனக்கு என்ன ஆகும் என்று புரிந்து முடிவெடுக்கும் தெளிவு வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இதைத் தெளிவாகச் சொல்கிறது. நோய் இருப்பதாலேயே ஒருவர் எல்லா முடிவுக்கும் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை, அந்த நேரத்துத் தெளிவுதான் கணக்கு. ஆனால் மகளை யாரென்று கேட்கும் நிலையில் வாங்கும் கையெழுத்து நிற்பது கடினம், பின்னால் உங்கள் அண்ணனே கேள்வி எழுப்பலாம். பழைய பொது அதிகாரப் பத்திரம் இருந்தாலும், அதைக் கொடுத்தவரின் மனத்தெளிவு போனபின் அது செல்லாது. உறவினரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். விற்பனைக்குப் புத்தகம் போட்டே ஆக வேண்டும் என்றால், நீதிமன்றம் வழியாகப் பாதுகாவலர் நியமனம் பெறுவது பற்றி வழக்கறிஞரைப் பாருங்கள். அது செலவும் காலமும் பிடிக்கும் வேலை. ஓய்வூதியக் கணக்கு, வீட்டுப் பத்திரம் போன்றவற்றுக்கும் தேவைப்படுகிறது என்றால் சேர்த்துச் செய்யலாம். இப்போதைக்கு எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பிறகு அந்தப் பாடல்களை அம்மாவிடமே வாசியுங்கள். "இது யார் எழுதினது தெரியுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருவேளை அடுத்த அடியை அவரே சொல்லலாம். சொல்லாவிட்டாலும், நல்ல பாட்டு என்று பாராட்டுவார், பாராட்டட்டும்.

அண்ணனோடு வாதம் செய்து பயனில்லை, வேலை கொடுங்கள். ஞாயிறு காலை நம் நேரம் பத்தரைக்கு அவர் அழைக்கட்டும். அங்கே அப்போது ஒன்பது மணி. "நான் யாரு சொல்லு" என்று தொடங்காமல், "வணக்கம் டீச்சர்" என்று தொடங்கி, உலகநீதியின் முதல் நான்கு அடியை அம்மா சொல்லித்தர அவர் திருப்பிச் சொல்லட்டும். பத்து நிமிடம் போதும். மாதம் ஒருமுறை பணம் அனுப்பும்போது, வாரத்தில் இரண்டு பிற்பகல் அம்மாவோடு இருக்கப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை அமர்த்தும் செலவையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த இரண்டு பிற்பகலில் நீங்கள் எழுதலாம், அல்லது தூங்கலாம்.